தொட்டித் தூணில் எழுதிய தேதி

ஆறாம் வகுப்பில் நான் அமைச்சராக இருந்தேன். நம்பாதவர்கள் திருமானூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். எங்கள் அறிவியல் டீச்சர் பள்ளிக்கூடத்தில் மாணவர் மன்றம் ஆரம்பித்து, எங்களை ஓட்டுப் போட வைத்து, ஆளுக்கொரு துறையும் கொடுத்திருந்தார். எனக்குக் குடிநீர். பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய பேட்ஜைக் குத்திக்கொண்டு நான் அடித்த அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டேன்.

சுதந்திர தினத்தன்று கிராம சபைக் கூட்டம். அதில் அமைச்சர்கள் ஊருக்கு முன்னால் பேச வேண்டும். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நேரில் பார்த்ததை மட்டும் சொல்லணும், பார்த்ததில் எதையும் விடக்கூடாது. கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நோட்டும் கையுமாகக் குடிநீர்த் தொட்டியைப் பார்க்கப் போனேன். தொட்டியைக் கழுவிய தேதியைத் தூணில் பெயிண்டால் எழுதிவைப்பது வழக்கம். அங்கே இருந்தது பொங்கலுக்கு முந்தைய தேதி.

தொட்டியைப் பார்த்துக்கொண்டது வேறு யாருமில்லை, என் தாய்மாமா. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். நல்ல மனுஷன், ஏணி ஏறத்தான் சோம்பல். வீட்டுக்கு வந்து நான் அமைச்சர் தோரணையில் விசாரித்ததும், என் டிராயிங் பிரஷை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பழைய தேதியை அழித்துவிட்டு அன்றைய தேதியை எழுதினார். தொட்டிமேல் ஏறவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"சொல்லிடாத பாப்பா. இன்னும் நிரந்தரம் ஆகாத வேலை, போயிடும்" என்றார். சரியென்று தலையாட்டினேன்.

கூட்டத்தில் எந்தத் தெருக் குழாய் ஒழுகுகிறது என்பதையெல்லாம் கடகடவென்று வாசித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "தொட்டியை எப்ப கழுவுனாங்கன்னு பாத்தியா?" என்று கேட்டார்.

தூணில் முந்தாநாள் தேதி இருக்கிறது என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். மாமாவைப் பார்த்தேன், டீச்சரைப் பார்த்தேன்.

"ஆனா தேதி மட்டுந்தான் எழுதுனாங்க. பிரஷ் என்னோடது."

ஊரே சிரித்தது. ஊராட்சித் தலைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம், "இந்தத் தடவை போகட்டும். இப்பவே ஏறுங்க தம்பி. இன்னொரு தரம்னா வேற ஆள்தான்" என்றார். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

தொட்டியைத் திறந்துவிட்டதும் தெருவெல்லாம் தண்ணீர். கொடியேற்றத்துக்குப் போட்ட சட்டையோடு பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் புரண்டோம். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தத் தீபாவளியிலும் கண்டதில்லை. மாமா ப்ளீச்சிங் பவுடர் அப்பிய தலையோடு இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று ஒதுங்கினேன். அவர் பிரஷை என்னிடம் நீட்டி, "நீயே எழுது" என்றார்.

அதற்கப்புறம் நான் காலேஜுக்குப் போகும்வரை, ஒவ்வொரு முறை தொட்டி கழுவியதும் மாமா நனைந்த வேட்டியோடு வந்து என்னைக் கூப்பிடுவார். என் கையெழுத்து அழகாக இருப்பதால்தான் கூப்பிடுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். என் கையால் ஒரு பொய்த் தேதியை எழுத வைக்கத் தன்னால் முடியாது என்பது மாமாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.