வடக்குப் பார்த்த ஜன்னல்

கணபதி என்ற பகுதியில் எங்கள் வீட்டின் முன்பக்கம் முழுவதும் என் வீட்டுக்காரரின் பட்டறை. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். பின்பக்கத்துச் சின்ன அறை என்னுடையது. பழைய கொலுப் பொம்மைகளுக்குப் புது வர்ணம் அடிப்பது என் பைத்தியம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மூடப்போன ஒரு ஸ்டுடியோவில் போட்டோ திருத்த வைத்திருந்த ஏர் பிரஷ் ஒன்று கைக்கு வந்தது. பேனா அளவுதான் இருக்கும், ஆனால் காற்றின் வேகத்தில் வர்ணத்தைப் பனி மாதிரித் தூவும். பழைய பிரிட்ஜின் கம்ப்ரஸரை அவர் அதற்குப் பொருத்திக் கொடுத்தார். அதன்பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை. கண்ணன் பொம்மையின் கன்னத்தில் நீலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தூவிய வர்ணத்தில் பாதி பொம்மையில் ஒட்டியது, மீதி என் நெஞ்சுக்குள் போனது. மழைக்காலம் முடிவதற்குள் இளைப்பு பிடித்துக்கொண்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு விசிலடித்தது. டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, பெயிண்டா மூச்சா, ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்கள் என்றார். எனக்கு எப்போதும் கோபம் மூக்குக்கு மேல். இரண்டையும் விடுவதாக இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், அது வேறு விஷயம்.

"அழுவாத அம்மணி. அந்தப் புகை வெளிய போறதுக்கு ஒரு வழி செஞ்சுபோடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

தகரத்தில் ஒரு பெட்டி செய்தார். முன்பக்கம் திறப்பு, உள்ளே பொம்மை நிற்க ஒரு சுழல் பலகை. பின்பக்கம் இரண்டு கொசுவலைக்கு நடுவே பஞ்சு. வர்ணத் துகள் பஞ்சில் தங்கிவிடும், வர்ணத்தில் கலக்கும் தின்னரின் ஆவியை மட்டும் மின்விசிறி இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளும். வர்ணம் ஊறிய பஞ்சைச் சேர்த்து வைக்காமல் வெளியே தண்ணீர் வாளியில் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பெட்டியின் மேல் கண்ணாடி பதித்து, விளக்கைக்கூட அதற்கு வெளியே மாட்டினார். மோட்டார் குழாய்க்குள் இருக்கவே கூடாதாம். "தின்னர் ஆவில ஒரு பொறி பட்டுதுன்னா இந்த ஊடே எரிஞ்சு போயிரும்" என்று, மோட்டாரைத் தள்ளி வைத்து பெல்ட் போட்டு விசிறியை ஓட்டினார்.

இவ்வளவும் யோசித்தவர், மோட்டார் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரராகவே இருந்தார். இங்கே யாருக்கும் சின்ன மோட்டாரில் மனசு நிறையாது. தோட்டத்துக் கிணற்றில் ஓட வேண்டியதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் கண்ணன் கையிலிருந்த காகிதக் குடை பிய்ந்துபோய் வலையில் ஒட்டிக்கொண்டது. நான் தூவிய நீலம் பொம்மைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பின்னால் ஓடியது. நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, விசிறிப் பக்கம் பெல்ட் ஓடும் சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெரிய புல்லியாக மாற்றி வேகத்தைக் குறைத்தார்.

அதற்குப்பின் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. முகமூடியும் கட்டிக்கொண்டேன். தை போய் மாசி வந்தபோது விசில் நின்றிருந்தது. உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

வீட்டின் பின்னால் ஒற்றையடிச் சந்து. அதற்கு அந்தப்பக்கம், எங்களுக்கு நேரெதிரே, ஒரு வீட்டின் சமையலறை ஜன்னல். அந்த வீட்டுப் பெண் என்னைவிடக் கொஞ்சம் இளையவள். குழம்பும் ரசமும் கருவேப்பிலையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் இரு வீட்டுக்கும் போய்வரும். சித்திரை வெயிலில்தான் கவனித்தேன், அந்த ஜன்னல் பல நாளாகச் சாத்தியே கிடந்தது. நான் என்ன செய்துவிட்டேன் இவளுக்கு என்று எனக்கும் வீம்பு வந்தது. கொஞ்ச நாள் நானும் பேசவில்லை. பிறகு தாங்காமல், தண்ணீர்க் குழாயடியில் கேட்டேவிட்டேன்.

"ஒண்ணுமில்லைங்கக்கா. வெயில் உள்ள அடிக்குதுங்க, அதான் சாத்தியிருக்கறனுங்க" என்றாள்.

வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு எந்த வெயில்? வீட்டுக்கு வந்து சந்தில் நின்று பார்த்தேன். எங்கள் பெட்டியின் புகைக் குழாய் வாய் அவள் ஜன்னலுக்கு நேராக இருந்தது. அதன் மரச்சட்டத்தில் மெல்லிய நீலம் படிந்திருந்தது. பஞ்சுக்குத் தப்பிய நீலம், என் கண்ணனுடைய நீலம்.

அவள் சமையலறைக்குள் போனேன். காற்றே இல்லை. ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்து அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன அம்மணி? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "எப்படிங்கக்கா சொல்றது? நீங்க மூச்சு உடறதுக்குன்னு அண்ணன் செஞ்சு வெச்சதுங்க. நாங்க ஜன்னலச் சாத்திக்கிட்டா முடிஞ்சு போச்சுங்களே."

இத்தனை மாதம் நான் சுகமாக மூச்சு விட்டதற்கு இவள் இந்த வெக்கையில் வெந்திருக்கிறாள். அதையும் ஒரு 'ங்க' போட்டு மூடி வைத்திருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டை விட்டு எழுந்தார். போர்வெல் வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து, சுவரோடு ஏற்றி, இரண்டு வீட்டு ஓட்டுக்கும் மேலே வாயை வைத்தார். மழை இறங்காமல் மேலே ஒரு தகரத் தொப்பி. அது முடியும்வரை நான் ஏர் பிரஷைத் தொடவில்லை. ஜன்னல் சட்டத்தை நானே தின்னர் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஜன்னல் திறந்திருந்தது. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு சந்தில் நின்றேன். அந்த நேரம் பார்த்து அவள் அடுப்பில் வரமிளகாய் தாளித்தாள். நெடி நேராக வந்து என் நெஞ்சில் ஏறியது. கண்ணில் நீர் வர இருமினேன். அவள் பதறிப்போய் ஜன்னல் கதவைச் சாத்தப் போனாள்.

நான் கம்பிக்கு இடையில் கையை விட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டேன். இருமல் அடங்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

"சாத்தாத அம்மணி" என்றேன். "தொறந்தே கெடக்கட்டும்."