குழிக்குள் இருந்த கிளிசரின்

நொதிப் படிகம் வளர்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘படிகக்கா’தான். பாக்டீரியாவின் நொதி ஒன்றில், களைக்கொல்லி எந்தக் குழியில் உட்கார்ந்து அதை முடக்குகிறது என்று எக்ஸ்ரே மூலம் முதலில் காட்டியவள். கட்டுரை அச்சானது, அவள் படம் வரவேற்பறைச் சுவரில் ஏறியது.

ஒரு மாதம் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் பார்த்தாள். அந்தப் படிகத்தை வளர்த்த தட்டில் களைக்கொல்லியை விடவே மறந்திருந்தாள். களைக்கொல்லி என்று நினைத்துக் குழியில் மங்கலாகக் கண்டது, படிகத்தை உறையவைக்குமுன் தோய்த்தெடுத்த கிளிசரின். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அன்றே சொல்லியிருக்கலாம். சுவரில் சிரிக்கிற படத்தை யார் இறக்குவது என்று வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருடம் ஓடியது. நேற்று வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து, அவளைவிட மூத்த விஞ்ஞானி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“உங்க கட்டுரையப் பாத்து ஒரு வருஷமா முயற்சி பண்றேன் மேடம். களைக்கொல்லி குழியில உட்காரவே மாட்டேங்குது. எனக்குக் கைராசி இல்ல போல. உங்ககிட்ட வந்து கத்துக்கலாமா?”

“உங்க கையில ஒரு குறையும் இல்ல சார்,” என்றாள்.

ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்து அவர் இரண்டு தடவை நன்றி சொன்னார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.