இரண்டு தரம் அடித்த மணி

பேய், ஆவி என்று எதையும் நம்பினவள் அல்ல நான். கந்தோரில் கோப்புகளை அடுக்கியே வயது போனவள். கண்டதை மட்டும்தான் சொல்வேன். இதைக் கண்டேன், காதாலும் கேட்டேன். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை.

சண்டைக் காலம். ஓலைத்தொடுவாயில் எங்கள் முற்றத்தில் விழுந்த ஷெல், கடலுக்குப் போய்வந்த என் கணவர் சூசையை அப்படியே படுக்கையில் போட்டுவிட்டது. அசைவில்லை, பேச்சில்லை, இமை தன்பாட்டில் துடிக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. "அக்கா, அத்தானுக்கு நினைவில்லை. சும்மா கதைச்சுக் களைக்காதேங்கோ" என்பான் என் தம்பி. அவர் உள்ளே இருக்கிறாரா என்ற ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கனடாவில் மூளை அலைகளைப் பற்றிப் படிக்கும் என் தமக்கை மகன் றெஜி, வயர் கோத்த தொப்பி ஒன்றையும் ஒரு கணினியையும் கொண்டுவந்தான். மனம் அடங்கினால் திரையில் கோடு தாழும், மேசையிலிருக்கும் சின்ன மணி அடிக்கும். ஒரு தரம் அடித்தால் ஓம், இரண்டு தரம் என்றால் இல்லை. இங்கே தங்க ஆமி அவனுக்குக் கொடுத்த பாஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

மனதை அடக்க எங்களுக்குத் தெரிந்தது, ஒருவர் பாதி சொல்ல மற்றவர் மீதி சொல்லும் செபமாலைதான். பக்கத்திலிருந்து நான் முதற்பாதியைச் சொல்லச் சொல்ல, கோடு அடங்குவதை விட்டுத் துள்ளியது, அதுவும் நான் நிறுத்துகிற இடத்தில் மட்டும்.

"சின்னம்மா, சித்தப்பா மறுபாதி சொல்லுறார் போல கிடக்கு" என்றான் றெஜி.

தம்பியோ அது தற்செயல் என்றான்.

வியாழன் பகல்தான் எனக்கு அந்த நினைவு வந்தது. கடலில் இவர் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பிடியில் காதை வைத்து மீன்கூட்டத்தின் சத்தம் கேட்பார். அப்போது மூச்சு விடுவதுகூடத் தெரியாது என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள்.

"இஞ்சேருங்கோ, மீன் கேளுங்கோ" என்றேன்.

கோடு தாழ்ந்தது. மணி அடித்தது. இவ்வளவு நாளும் நான் கதைத்ததெல்லாம் கேட்டதா என்றேன். ஒரு தரம் அடித்தது. தம்பி கதிரையை இழுத்துப் படுக்கையோரம் போட்டுக்கொண்டு இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை றெஜி தொப்பியைக் கழற்றி, மணியின் பற்றரிகளையும் எடுத்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. அவன் கையை விரித்துக் காட்டினான். பற்றரி இரண்டும் உள்ளங்கையில் இருந்தன.

ஷெல் விழுவதற்கு முன், சட்டியில் பொரித்த மீன் குறைந்தால், வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டே "நானில்லை" என்கிற மனிதர் இவர்.

"நீங்களோ அடிச்சது?" என்று கேட்டேன்.

இரண்டு தரம் அடித்தது.

நான் வயிறு நோகச் சிரித்தேன். உயிர் மட்டுமல்ல, என் மனிதர் குறும்போடு முழுசாக உள்ளே இருந்தார். அயலெல்லாம் போய்ச் சொன்னேன். றெஜி மட்டும் சிரிக்கவில்லை. மணியை எங்களிடமே விட்டுப் போனான்.

அது அலுமாரியின் மேல் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லையென்றால் என்ற நினைப்பு வருகிற நாளில் மட்டும், அதைத் துணியால் மூடிவிடுவேன்.