‘ரெண்டும் ஒண்ணுதான்’ கட்சி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு முன்னறையில் நாலு ஆண்கள் ஒரு இசைத்தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேருமே அதைத் தொடப் பயந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த வீட்டில் பயப்படுவது என்னுடைய இலாகா. வண்டிப்பெரியாரில் மழை வலுத்தால் பயம். மழை விட்டால் ஆனை இறங்குமே என்று பயம். தந்திக்காரர் எங்கள் லைன் வீடுகள் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலே எனக்குக் கை கால் ஓடாது. அன்றைக்கு மட்டும் நான் தைரியசாலி, அவர்கள் நடுங்கினார்கள்! சாயங்காலத்துக்குள் எல்லாம் தலைகீழாகப் போகிறது என்று கண்டேனா?

முதலில் இசைத்தட்டு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் எஸ்டேட்டில் முன்பு இருந்த சின்ன தொரை ஒருவர், சீமைக்குக் கப்பல் ஏறும்போது ஒரு எல்.பி. ரெக்கார்டை என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முடி வளர்த்த நாலு வெள்ளைக்காரப் பையன்கள் கிட்டாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு போடும் ‘ராக்’ சங்கீதம். எனக்கு அது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். அவருக்கோ உயிர். கேட்டுக் கேட்டு மூன்று நண்பர்களுக்கும் அந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்துவிட்டார். ஞாயிறு கோவில் ஆராதனை முடிந்து, கறிச்சோறு முடிந்து, நாலு பேரும் எங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். வேறு ரெக்கார்டே கிடையாது. அந்த ஒன்றுதான்... வருஷக்கணக்காக!

என் தம்பி கப்பலில் சமையல்காரன். அவன் போன மாதம் கொச்சியில் இறங்கியபோது ஒரு பார்சல் அனுப்பினான். அதே ரெக்கார்ட்தான் - ஆனால் ‘டீலக்ஸ்’. பழைய பாட்டுகளையே கம்பெனிக்காரன் தூசி தட்டித் துடைத்து, தெளிவாகப் புதுசாகப் போட்டிருக்கிறானாம். உறை குடும்பப் பைபிள் கனம். திறந்தால் உள்ளே படப் புத்தகம். கூடவே இரண்டாவதாக ஒரு சின்னத் தட்டு. அதில் அந்தப் பையன்கள் அந்தக் காலத்தில் பாடி, வெளியிடாமல் பெட்டிக்குள் போட்டு வைத்த பாட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏன் பயம்?

“வேற மாதிரி இருந்துட்டா என்ன வே செய்யது?” என்றார் தங்கராஜ் வாத்தியார். எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார். பையன்களைக் கண்டால் புலி, ரெக்கார்டைக் கண்டால் பூனை.

“அதான் எனக்கும். இத்தன நாளு கேட்டதெல்லாம் அழுக்குன்னு ஆயிருமே” என்றார் கண்டக்டர் எபநேசர். பஸ் கண்டக்டர் இல்லை. தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும் ஆட்களை மேற்பார்க்கிறவரையும் இங்கே கண்டக்டர் என்றுதான் சொல்லுவோம்.

மூன்றாமவர் பாக்கியநாதன். பாக்டரியில் அசிஸ்டன்ட் டீ மேக்கர். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

நாலாமவர் என் வீட்டுக்காரர், அதே பாக்டரியின் டீ மேக்கர் - கொழுந்தைத் தூளாக்கும் வேலை முழுக்க அவர் பொறுப்பு. அவருடைய முகம்தான் எனக்கு விளங்கவில்லை. பார்சல் வந்து இரண்டு வாரமாகியும் அவர் பிரிக்கவே விடவில்லை. “எல்லாரும் வரட்டும்” என்றார். போன வாரம் எல்லாரும் வந்தார்கள். “ஊசி தேஞ்சுட்டு, புதுத் தட்டு பாழாயிரும்” என்று தட்டிக் கழித்தார். இந்த வாரம் வாத்தியாரே குமுளியிலிருந்து புது ஊசி வாங்கி வந்துவிட்டார். அப்புறம் எங்கே ஓட?

நான் சமையலறையிலிருந்து அவருக்கு நேரே வந்து நின்று, கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்து ஜாடையில் கேட்டேன்: காப்பி போடட்டுமா? அவர் நாலு விரலைக் காட்டினார். டீ மேக்கர் வீட்டில் காப்பியா என்று கேட்காதீர்கள்... பகலெல்லாம் தேயிலை வாசத்தில் கிடக்கிற மனுஷன் வீட்டிலும் அதையேவா குடிப்பார்?

இந்த ஜாடைப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்டரிக்குள் ரோலர், ட்ரையர் எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. அதனால் எல்லாமே கை ஜாடைதான். முஷ்டியை மூடினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் ஓட்டு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும். சோறு, உப்பு, வெந்நீர், கதவைச் சாத்து - எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை. வாயைத் திறந்தாலோ ஒரே கத்தல். ‘பாக்டரித் தொண்டை’ என்று எங்கள் லைனில் பெண்கள் கேலி பேசுவோம். கல்யாணமாகி வந்த புதிதில், இவர் என்னை இப்படித் திட்டுகிறாரே என்று அழுதிருக்கிறேன். மனுஷன் உப்புத்தான் கேட்டிருக்கிறார்!

சரி, ரெக்கார்டுக்கு வருவோம்.

பெரிய தட்டைப் போட்டார்கள். முதல் பாட்டு ஓடத் தொடங்கியதுமே வாத்தியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“கேட்டீரா வே? பாடுததுக்கு முன்னால அவன் மூச்சு இழுக்கான்! மூச்சு கேக்கு வே!”

“கேக்கு, கேக்கு. எனக்குப் பிடிக்கல” என்றார் கண்டக்டர். “முன்னால ஒரு முரட்டுத்தனம் இருந்துச்சுல்லா? இப்பம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் அடிச்சு வுட்டுருக்கானுவ.”

“காடு மேட்டுல அலையுத உமக்குச் சங்கீதம் என்னத்தத் தெரியும்? கம்பியில விரல் சறுக்குத சத்தம் கூட வருது பாரும்.”

“அதான் சொல்லுதேன்! விரல் சறுக்குததெல்லாம் எனக்கு எதுக்கு? எம் பொண்டாட்டி அருவாமனையில கத்திரிக்கா அரியும்போது வார சத்தமா இருக்கு.”

சண்டை சூடு பிடித்தது. வாத்தியார் புதுசுக் கட்சி. கண்டக்டர் பழசுக் கட்சி. நடுவர் தீர்ப்புக்காக என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கண்ணை மூடியபடி காலால் அழகாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் தோளைத் தொட்டுக் கேட்ட பிறகு சொன்னார்:

“என்னத்த சொல்ல... ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஆமா ஆமா, ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் பாக்கியநாதன், அவசரமாக.

இப்படி மூன்றாவதாக ஒரு கட்சி. கர்த்தரே, ஒரு ரெக்கார்டுக்கு மூன்று கட்சியா என்று நான் காப்பித் தட்டோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதுதான் அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது.

இரண்டாவது தட்டைப் போட்டார்கள். யாருமே கேட்டிராத பாட்டு. டிரம் கிடையாது. ஒரே ஒரு கிட்டார், ஒரே ஒரு குரல். எனக்கே பிடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். வாத்தியார் அசையவில்லை. கண்டக்டரின் கால் மெதுவாகத் தாளம் போட்டது. என் வீட்டுக்காரரின் காலும் போட்டது.

ஆனால்... அவர் கண்ணை மூடவில்லை.

எப்போதும் மூடுகிற கண். இப்போது அது கண்டக்டரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் கால் மேலே போனால் இவர் கால் மேலே. அது கீழே வந்தால் இது கீழே. ஒரு நொடி பிந்தி.

கண்டக்டருக்கு முந்தின நாள் காட்டில் அட்டை கடித்திருந்தது. கடித்த இடம் அரிக்குமல்லவா? அவர் தாளத்தை விட்டுவிட்டு ஒரு காலால் இன்னொரு காலைப் பரபரவென்று தேய்த்தார். பாட்டு தன் பாட்டுக்கு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தத் தேய்ப்புக்கு ஏற்ற மாதிரி வேக வேகமாகத் தாளம் போட்டார். போதாததற்குத் தலையை வேறு ஆட்டினார்.



காப்பித் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றேன். வேண்டாம், நீயாக எதையாவது கற்பனை பண்ணாதே, உனக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நான் கூப்பிட்டால் வருகிறாரே? எப்படிக் கூப்பிடுகிறேன்? முன்னால் போய் நின்று... ஜாடையில். பின்னாலிருந்து அவரை நான் கூப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை.

பாட்டு முடிந்துவிட்டது. இசைத்தட்டை எடுக்க யாருக்கும் மனசில்லை. அறையில் சத்தமே இல்லை. நான் மெதுவாகப் போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ‘ஏங்க’ என்று கூப்பிட்டு, அவர் ஏதோ யோசனையில் கவனிக்காமல் இருந்துவிட்டால்? கவனிக்காமல் இருக்கவே முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அவர் பெயரைச் சொன்னேன்.

கல்யாணமான நாளிலிருந்து என் வாயால் சொல்லாத பெயர். இந்தப் பத்தியில் கூட அவர் ‘அவர்’தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்; மரியாதை விகுதி எதுவும் இல்லாமல், வெறும் பெயர்.

வாத்தியார் திடுக்கிட்டுத் திரும்பினார். கண்டக்டர் வாயைப் பிளந்தார். இவர் திரும்பவில்லை.

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். இவர் காப்பித் தம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாக்கியநாதன்... அவரும் திரும்பவில்லை!

காட்டில் வேலை பார்ப்பவர் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர் திரும்பினார். பாக்டரிக்காரர்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ரசனையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ‘ரெண்டும் ஒண்ணுதான்’ கட்சி எப்படி உண்டானது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வாத்தியாரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாரும் போன பிறகு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். ஜாடை காட்டவில்லை. வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

“எப்பருந்து?”

“எப்பன்னு என்னத்தட்டி சொல்ல? மொதல்ல ட்ரையர் சத்தம் கொறஞ்சிருக்கேன்னு நெனச்சேன். மிஷினு நல்லா ஓடுதுன்னு சந்தோசப்பட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ பயப்படுவ.”

எனக்கு வந்த கோபம்! “பயப்படுததுதான எனக்கு வேல! மழைக்கும் ஆனைக்கும் பயந்தவ இதுக்குப் பயப்பட மாட்டேனா? எம் புருசனுக்காகப் பயப்படக்கூட எனக்குப் பாத்தியத இல்லையா?” என்று கத்தினேன். இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டார்.

“பழைய ரெக்கார்டு எனக்குக் கேக்கும்ட்டி” என்றார். “காதுல இல்ல... இங்ஙன.” நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார். “மொத அடி தெரிஞ்சா போதும், மிச்சம் தன்னால ஓடும். புதுசா ரெண்டு பாட்டு இருக்குன்னு ஒன் தம்பி எழுதுனான் பாரு, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, இதுல மாட்டிக்கிடுவேன்னு.”

நண்பர்கள் பயந்தது பாட்டு மாறியிருக்குமோ என்று. இவர் பயந்தது அதற்கில்லை. அழுதுவிட்டேன்.

மதுரைக்குப் போவோம், காது டாக்டரைப் பார்ப்போம் என்றேன். மாட்டேன் என்றார். “டாக்டரு எழுதிக் குடுத்துட்டாருன்னா தொர என்னைய பாக்டரிக்குள்ள விடமாட்டாரு. டீ மேக்கர் வேல போச்சுன்னா நான் யாரு?”

“மிஷினு பெல்ட்டு அந்துட்டுன்னு பின்னால ஒருத்தன் கத்துனா உங்களுக்குக் கேக்குமா? ரோட்டுல லாரிக்காரன் ஹாரன் அடிச்சா கேக்குமா? வேல போனா வேற வேல பாத்துக்கிடலாம். நீங்க போயிட்டா, நான் யாரு?”

விரலை மட்டும் காற்றில் சுழற்றினார். பாக்டரி ஜாடையில் அதற்கு ‘சரி, ஓட்டு’ என்று அர்த்தம்.

நாளைக் காலை பஸ்ஸில் அவரும் பாக்கியநாதனும் மதுரைக்குப் போகிறார்கள். துணைக்கு வாத்தியாரும் லீவு போட்டிருக்கிறார். பாதி சரியாகுமா, கால்வாசி சரியாகுமா, இருப்பதாவது நிற்குமா... எனக்குத் தெரியாது. இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். நண்பர்கள் பெயரை மாற்றிவிட்டு எழுதச் சொன்னார். “தொரைக்குத் தமிழ் வாசிக்க வராது. பாக்டரியில மத்தவனுவளுக்கு வரும். அவனுவளுக்காக எழுது” என்றார்.

எழுதிவிட்டேன். பாக்டரித் தொண்டை என்று இனி நான் யாரையும் கேலி பண்ண மாட்டேன். நீங்களும் உங்கள் வீட்டு மனுஷரை இன்றைக்கு ஒரு தடவை பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இப்போதும், அவர் முற்றத்தில் நின்று நாளைக்குப் போட வேண்டிய செருப்பைத் துடைக்கும்போது, பின்னால் போய் நின்று பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். “என்னட்டி, மரியாத கெட்டுப் போச்சா?” என்று அவர் என்னைத் திட்ட வேண்டும்... அந்த ஒரு திட்டுக்காகத்தான் காத்திருக்கிறேன்.