கிணற்றடியில் எடுத்த படம்

போன வருடம் சித்திரைப் புத்தாண்டு லீவில் நெடுந்தீவில் தொடங்கி, ஒரு மாதம் கழித்துக் கண்டி டவுனில் முடிந்த சம்பவம் இது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் கெலிஓயாவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தயங்கும் ஆள். கண்டியில் சைக்கிள் ஓடும் குழு ஒன்று இருக்கிறது. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்தான் அதன் தலைவர். வழியில் சைக்கிள் பழுதானால் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் தீவுக்குக் கூட்டிப் போனார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில். அங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை மறைக்கும். தீவில் மறைக்க ஒன்றுமே இல்லை. காலை வெயிலில் கடலில் எடுத்த முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள் வெள்ளையாக நீண்டு போக, அதற்கு அப்பால் கடல் தெரிந்தது. சைக்கிளை நிறுத்தி, இடுப்பளவு உயரமான ஒரு வேலிக்கு மேலாகப் போனைப் பிடித்துப் படம் எடுத்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். பெருமையில் உடனே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன்.

“ஆர் நீங்கள்? குளிக்கிற ஆக்களைப் படம் எடுக்கத்தான் சைக்கிளில வந்தனீங்களோ?”

வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு. அதனருகில் சேலையை மார்புக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், துவாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். கடலைப் பார்த்த கண்ணுக்கு அவர் தெரியவில்லை. அது ஒரு சாட்டு இல்லை. எங்கள் தோட்டத்தில் பெண்கள் குளிக்கும், மலைத் தண்ணீர் கொட்டும் பீலிப் பக்கம் போகும் ஆண்கள் தூரத்திலேயே செருமிக்கொண்டுதான் போவோம். அப்படி வளர்ந்த நான் அன்றைக்குச் செருமவில்லை.

“அக்கா, கோவிக்காதீங்க. உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்” என்றேன்.

அவர் முகம் இன்னும் சிவந்தது. “பிழை விட்டது நீங்கள், பேச்சு வாங்குறது நானோ? என்னைப் பேச நீங்கள் ஆர்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வந்த எங்கள் குழுவில் இருந்த ஆசிரியர் ஒருவர் காதோடு சொன்னார்: “அண்ணே, இவங்க ஊர்ல பேசுறதுன்னா ஏசுறது. கதைக்கணும்னு சொல்லுங்க.” தலைவர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

“எனக்கு முன்னால அழியுங்கோ” என்றார் அந்தப் பெண். போனை வேலிக்கு மேலாக நீட்டி, அவர் பார்க்கவே அழித்தேன்.

“வேற ஒருத்தருக்கும் அனுப்பேல்லைத்தானே?”

“இல்லக்கா.”

“சரி, நம்புறன். போங்கோ.”

“இல்லை” என்ற அந்த ஒரு சொல்லை ஏன் சொன்னேன்? பயம், வெட்கம், அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்ற அவசரம். வேலி முனையில் திரும்பியதும் குழுவில் இருந்தும் படத்தை அழித்தேன். மற்ற எல்லோரிடமும் கேட்டேன். யாரும் எடுத்து வைக்கவில்லை என்றார்கள். தலைவரும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஒரு மாதம் கழித்துத் தலைவருடைய சைக்கிளைத் திருத்திக் கொடுக்க டவுனுக்குப் போனேன். கடைச் சுவரில் அந்தப் படம் பாதிக் கதவு அளவுக்குத் தொங்கியது. போனில் அரிசியளவு இருந்த பெண் அதில் கையளவு தெரிந்தார். கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர், “கடலைப் பாக்காத மச்சான், இந்த மூலையப் பாரு” என்று மற்றவருக்குக் காட்டினார்.

தலைவரைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன்.

“இது இயற்கைக் காட்சிங்க. அந்தப் பொம்பள கண்டிக்கு வந்து பாக்கவா போறா? உங்க படத்த இவ்வளவு பெருசா போட்டிருக்கேன், சந்தோஷப்படுவீங்களா, அத விட்டுட்டு...” என்றார் தலைவர்.

“ஒங்க வீட்டுல குளிக்கிறவங்கள இப்பிடி மாட்டுவீங்களா?” என்றேன். பிறகு என் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. அந்தத் தீவுப் பாஷையில் சொன்னால், அவரை நன்றாகப் பேசிவிட்டேன். பேசிக்கொண்டே ஒரு கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றி, சைக்கிளில் கட்டி, கெலிஓயாவுக்குக் கொண்டு வந்து துண்டு துண்டாக வெட்டினேன். கண்ணாடியையும் சட்டத்தையும் மறுநாளே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தக் குழு என்னைக் கூப்பிடுவதில்லை. எனக்கும் போக மனமில்லை.

தலைவர் மேல் உள்ள கோபம் மெல்லக் குறையும். குறையாதது என் மேல் உள்ள கோபம்தான். அவர் செய்தது தெரிந்தே செய்த அநியாயம். ஆனால் என்னை நம்பிய ஒருவரிடம் “இல்லை” என்று சொன்னது நான். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த வேலியடியில் நிறுத்தி வைத்தே ஒவ்வொருவர் போனிலும் படத்தை அவர் அழிக்க வைத்திருப்பார்.

அடுத்த லீவுக்கு நான் தனியாக நெடுந்தீவுக்குப் போகப் போகிறேன். அந்த வேலிக்குத் தூரத்திலேயே நின்று செருமி, நடந்ததைச் சொல்வேன். அவர் என்னைப் பேசட்டும், ஆசை தீரப் பேசட்டும். அதைத் தலைகுனிந்து கேட்டால்தான் அன்று அவர் சொன்ன “நம்புறன்” என்ற சொல் என்னைக் குத்துவதை நிறுத்தும்.