'அரு.' வரும் இடமெல்லாம்

எழுபதுகளில், என் மூத்த மகளின் கல்யாணத்துக்குச் சற்று முன்னால், மாப்பிள்ளையை அவருடைய பங்காளி வீட்டில் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். சுவீகாரம் போகிறவருக்கு எங்கள் சமூகத்தில், தகப்பனுக்கும் மகனுக்கும் பொதுவான வீட்டின் தலைப்பெழுத்தும் மாறிவிடும். அவருக்கு 'அரு.' போய் 'சித.' வர வேண்டும்.

கல்யாணப் பத்திரிகைக்கோ அச்செழுத்துக் கோத்து முடிந்திருந்தது. எங்களுக்குக் காரைக்குடி அச்சகம், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிவகங்கை அச்சகம், வாசகம் ஒன்றே. பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவன் என்பதால் திருத்தம் எழுதும் வேலை எனக்கு வந்தது. 'அரு. வரும் இடமெல்லாம் சித. என மாற்றவும்.' இதையே இரண்டு ஊருக்கும் அனுப்பினேன். விதி சரியென்றால் எந்த அச்சகமானால் என்ன?

மாப்பிள்ளையைப் பெற்றவர் இரண்டு அச்சகமும் சரிபார்க்க அனுப்பிய புரூஃப் தாள்களை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏஞ் சம்மந்தி, என்னையுமா சுவீகாரம் குடுத்துட்டீக?"

"என்ன சொல்றீக?"

"காரைக்குடித் தாள்ல மகன் எங்க வீட்டுலயே இருக்கான், நாந்தான் போயிட்டேன். சிவகங்கைத் தாள்ல ரெண்டு பேருமே போயிட்டம். வீட்டைப் பூட்டிச் சாவிய உங்ககிட்டயே குடுத்துரவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தாளை என் கையில் விடவில்லை. பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கிற மனிதர். இதில் மனம் முறிந்து கல்யாணத்துக்கே வராமல் போனால் என் மகள் எந்த முகத்தோடு அந்த வீட்டில் கால் வைப்பாள்?

ஒரே வரியில் முதலில் தகப்பனார் பெயர், அடுத்து மாப்பிள்ளை பெயர்; இரண்டின் முன்னும் 'அரு.' இருந்தது. காரைக்குடியில் வரிக்கு ஒரு திருத்தம் என்பது வழக்கம். முதலில் கண்டதை மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். சிவகங்கையில் 'எல்லாம்' என்றால் எல்லாம்தான்.

அவரை உட்காரவைத்து, அவர் எதிரிலேயே மறுபடி எழுதினேன்: 'மாப்பிள்ளை பெயரை ஒட்டி முன்னால் நிற்கும் அரு.வை மட்டும் சித. ஆக்கவும். வரியில் அது முதலாவதோ இரண்டாவதோ, பார்க்க வேண்டாம். மற்ற அரு. எதையும் தொடக் கூடாது.' இதை எந்த ஊரில் எந்தக் கை கோத்தாலும் ஒன்றுபோலத்தான் வரும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்படியே வந்தது. புதுப் புரூஃப்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். தன் பெயரை விரலால் தொட்டார்.

"சரி, நான் எங்க வீட்டுல இருக்கேன்" என்றார்.

விரல் மகன் பெயர்வரை போகாமல் நின்றுவிட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துருவேன்" என்றார்.