வருஷத்தில் இரண்டு வாரம்

அகனேசி அக்காவின் மகன் ஃபிலிமோனேவுக்குப் பதினாறு வயது நடக்கும்போது சிட்னியிலிருந்து ஒரு மனிதர், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் எங்கள் பேட்டையான மாங்கெரேக்கு வந்தார். அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சேப்ப இலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் பொதிந்து வேகவைத்த லூ இரண்டு தட்டு சாப்பிட்டார். கைமணம் பிரமாதம் என்றார். பையனின் தோளை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அடுத்த மாதம் பையன் விமானம் ஏறிவிட்டான்.

"வந்தான், தின்னான், என் பிள்ளைய தூக்கிட்டுப் போயிட்டான்" என்றுதான் அக்கா அந்தக் கதையைச் சொல்வாள்.

எனக்கு அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. ஆக்லாந்தில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடம் ஒன்றில் நானும் அவளும் பதினாறு வருஷம் ஒரே இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்றோம். ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு நுனி அவள் கையில், மறுநுனி என் கையில். உதறி, இழுத்து, உருளைக்குள் விடுவோம். அந்த இரைச்சலில் எங்களுக்கு உரக்கப் பேசியே பழகிவிட்டது. தேவாலயப் பாடகர் குழுவிலும் பக்கத்துப் பக்கத்து இடம். நானும் அவளைப்போல டோங்காத் தீவுக்காரிதான். அவளைவிட எட்டு வயசு இளையவள்.

ஃபிலிமோனே ஆடியது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். அந்த மனிதர் சேர்த்துவிட்ட சிட்னி கிளப்பில் மூன்றாம் வருஷமே பெரிய அணியில் இறங்கிவிட்டான். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு அவன் ஓடிவந்தால் மூன்று பேர் சேர்ந்துதான் விழத்தட்ட வேண்டும். மாங்கெரேயில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். ஆனால் இப்போதெல்லாம் அவனை நேரில் பார்ப்பது அரிது. தொலைக்காட்சியில்தான். பிப்ரவரியில் ஆட்டம் தொடங்கினால் அக்டோபர்வரை கிளப். அது முடிந்ததும் காயங்களுக்கு வைத்தியம். நவம்பரில் மறுபடி பயிற்சி. ஊருக்கு வருவதென்றால் கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள், அதுவும் சில வருஷம் கிடையாது.

நாட்டுக்காக ஆடினால் மட்டும் கதை வேறு. அக்டோபர் கடைசியில் டோங்கா அணி கூடும். முகாம் பெரும்பாலும் ஆக்லாந்தில்தான், ஏனென்றால் எங்கள் ஜனம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் அக்கா காத்திருந்தாள். மகன் சிவப்பு ஜெர்சி போட்டு நிற்க வேண்டும் என்பது ஒரு ஆசை. இரண்டு வாரம் அவன் தன் கையால் சாப்பிட வேண்டும் என்பது இன்னொன்று. அவளுக்கு அவை இரண்டும் ஒன்றுதான்.

அவள் கணவர் செமிசிக்கு அப்படி இல்லை. பக்கத்துப் பேட்டை ஓட்டாஹூஹூவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஜூன் வந்தால் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிடும். ஆஸ்திரேலியாவின் இரண்டு மாநிலங்கள் ரக்பி லீக்கில் மூன்று தடவை மோதிக்கொள்ளும் தொடர் அப்போதுதான். செமிசி குயின்ஸ்லாந்து கட்சி. அரக்கு நிறத் தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக்கொள்வார்.

"குயின்ஸ்லாந்துல உங்க மாமா வீடா இருக்கு? அவனுங்க சண்டைக்கு நீ ஏன் தொண்ட கிழியக் கத்துற?" என்பாள் அக்கா.

"அடியே, உலகத்துலயே பெரிய ஆட்டம் இதுதான். உலகக்கோப்பைகூட இதுக்கு அப்புறந்தான். ஆடுறவனையே கேட்டுப் பாரு."

"ரெண்டு பக்கமும் அதே ஊர்க்காரன். அதுல ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?"

"அதனாலதான்டி சுவாரசியம். டோங்கா ஆட்டம் எப்ப வரும், எங்க நடக்கும், யார் வருவான்னு யாருக்காவது தெரியுமா? கல்யாணத் தேதி குறிக்காம பந்தல் போடுற கூட்டம் நாம."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் வரும்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் அவள் தொலைபேசியில் கேட்பாள். முதல் வருஷம், "நான் இன்னும் சின்னவன்மா, கூப்பிட மாட்டாங்க." அடுத்த வருஷம் தோள்பட்டையில் ஊசி, ஓய்வெடுக்கச் சொல்லி கிளப் உத்தரவு. சில வருஷம் கழித்து நியூசிலாந்து கூப்பிட்டது. கறுப்பு ஜெர்சி. இங்கிலாந்துக்குப் பயணம். அவன் பிறந்தது இங்கேதானே, தப்பென்று சொல்ல முடியாது. தேவாலயத்தில் எல்லோரும் அக்காவைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை விரிப்பை உதறும்போது என்னிடம் கேட்டாள்: "கறுப்புல அவன் மெலிஞ்ச மாதிரி தெரியல உனக்கு?"

இருபத்துநாலு வயசில்தான் டோங்காவிலிருந்து கூப்பிட்டார்கள். ரக்பி லீக்கில் அப்படி நாடு மாறி ஆடலாம். சமோவாவோடு ஆட்டம், ஆக்லாந்திலேயே பென்ரோஸ் மைதானத்தில். அதே வாரம் அவன் கிளப்பின் மேலாளர் அக்காவுக்கே ஃபோன் போட்டார். மறுநாள் மதியம் தேநீர் வேளையில் என்னிடம் சொன்னாள்.

"லூபே, ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. அவன் தோள் நல்லா இல்லையாம். இப்பவே ஆபரேஷன் செஞ்சா மார்ச்சுக்குத் தயாராயிடுவானாம். சமோவாகூட ஆடினா மொத்தமா போயிடுமாம்."

"ஃபிலிமோனே என்ன சொல்றான்?"

"அவன் ஆடுறேங்கிறானாம். என்னை எடுத்துச் சொல்லச் சொல்றார். சொன்னா எனக்கு டிக்கெட் அனுப்புறாராம். ஆறு வாரம் சிட்னியில அவன் வீட்லயே இருக்கலாமாம். குளிப்பாட்டி விடலாம், ஊட்டி விடலாம்." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஆறு வாரம்டி. எட்டு வருஷத்துல நான் அவன்கூட மொத்தமா அவ்வளவு நாள் இருந்ததில்ல."

"நல்ல விஷயந்தானே அக்கா. போ."

"போகலாம். ஆனா அந்த ஆளு என் ஆசைய எங்கேயோ மோப்பம் பிடிச்சு, அதையே தூண்டில்ல மாட்டி வீசுறான் பாரு. அதான் வயிறு எரியுது."

அன்று சாயங்காலம் மகனைக் கூப்பிட்டாள். நானும் செமிசியும் சமையலறையில் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"தோள் உண்மையிலேயே மோசமா?" என்றாள்.

"வலிக்கும். எல்லாருக்குந்தான் வலிக்கும்."

"அப்ப ஆபரேஷன் செஞ்சுக்க. டோங்கா எங்கயும் ஓடிடாது. அடுத்த வருஷம் ஆடு."

"எட்டு வருஷமா நீ கேட்டது இது ஒண்ணுதானேம்மா. இப்ப வேணாங்கிற?"

"கேட்டப்ப உன் தோள் நல்லா இருந்துச்சு."

"கிளப்புக்காக ஊசி போட்டுக்கிட்டு நான் இருபது ஆட்டம் ஆடினப்ப யாரும் உனக்கு ஃபோன் போடலையே. அப்ப மட்டும் தோள் கெடாதா? நாட்டுக்கு ஒரு ஆட்டம்னா உடனே டாக்டர் வந்துடுவாரு."

செமிசி நாற்காலியை இழுத்துப்போட்டு ஃபோனுக்கு அருகில் குனிந்தார். "தம்பி, கிளப்புதான்டா சோறு போடுது. ரெண்டு வருஷ ஒப்பந்தம் எழுதற நேரம் இது. யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன்பா. அம்மா, வீட்ல மெத்தை இருக்கா? முகாம்ல லீவு விடுற அன்னைக்கெல்லாம் நான் வீட்டுக்கு வந்துடுவேன்."

அக்கா ஃபோனை அணைத்துவிட்டு மெத்தையைத் தேடப் போனாள்.

அந்த இரண்டு வாரம் மாங்கெரே முழுக்கச் சிவப்பு. கார்களின் ஜன்னலிலிருந்து பிள்ளைகள் இடுப்பளவு வெளியே வந்து கொடி ஆட்டினார்கள். வயசான பாட்டிகள்கூடச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். செமிசியின் அரக்குத் தொப்பி எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டு வாசலில் இரண்டு ஆள் உயரக் கொடி ஒன்றை அவர்தான் கட்டினார். "மாமா வீடு இங்க வந்துடுச்சா?" என்று அக்கா கேட்டதற்கு, "கம்பத்தைப் பிடிடி, பேச்ச விடு" என்றார்.

ஃபிலிமோனே நான்கு இரவு வீட்டில் தங்கினான். ஒரு நாள் அணியில் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒவ்வொருவனும் நிலைக்கதவு அகலம். சிட்னியில் எதிரெதிர் கிளப்புகளில் ஒருவரையொருவர் முட்டி மோதும் பையன்கள், இங்கே ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்தார்கள். ஒருத்தன் ஃபிலிமோனேயின் விலாவைக் காட்டி, "ஆன்ட்டி, ஜூலையில இதை உடைச்சது நான்தான், மன்னிச்சுடுங்க" என்றான். அக்கா அவன் தட்டில் இன்னொரு லூ வைத்து, "இனிமே இடது பக்கம் உடைப்பா, அதையும் பார்த்துடலாம்" என்றாள். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் தூங்கும்போது போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக அவளே சொன்னாள்.

ஆட்டத்தன்று நாங்கள் ஐம்பது பேர் தேவாலயத்துப் பேருந்தில் போனோம். தொடங்குவதற்கு முன்பே மைதானம் பாட ஆரம்பித்துவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் டோங்காவின் போர் நடனம் ஆடியபோது ஃபிலிமோனே இரண்டாம் வரிசையில் நின்றான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் மூன்று நாள் தழும்பு இருந்தது.

முதல் பாதியில் அவன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து ஒரு ட்ரை அடித்தான். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும், சமோவாக்காரன் ஒருவனை வலது தோளால் தடுத்தான். எழுந்தபோது அந்தக் கை மட்டும் எழவில்லை. தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றி எல்லோரும் பந்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும், "கை, கை" என்றாள். அப்படியும் அவன் ஆறு நிமிஷம் வெளியே வரவில்லை. ஒற்றைக் கையால் இன்னும் இரண்டு பேரைத் தடுத்துவிட்டுத்தான் வந்தான்.

டோங்கா நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. ஜனம் வீட்டுக்குப் போகவே இல்லை. தோள்பட்டையில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு அவன் வேலியோரமாக அம்மாவைத் தேடி வந்தான்.

"ரொம்ப வலிக்குதா?"

"இப்ப இல்லம்மா. நாளைக்கு வலிக்கும்."

நாளைக்கு வலித்தது. சிட்னியில் அறுவை சிகிச்சை நடந்தது. டிக்கெட் வரவில்லை. முகாம் நாட்களிலேயே அக்காவின் விடுப்பு தீர்ந்திருந்ததால் தானாகவும் போக முடியவில்லை. அவனை சம்பளத்துக்கு வந்த யாரோ ஒரு தாதிதான் குளிப்பாட்டினாள். அடுத்த பருவத்தில் பாதிக்கு மேல் வெளியே உட்கார்ந்தான். திரும்பி வந்தபோது மூன்று பேரை இழுத்துக்கொண்டு ஓடும் பலம் போயிருந்தது. ஒப்பந்தத்தைக் கிளப் நீட்டிக்கவில்லை.

அக்காவை அதைவிட வாட்டியது வேறொன்று. அந்த அடுத்த வருஷம் டோங்காவுக்கு ஆட்டமே இல்லை. யாரோடும் ஏற்பாடு ஆகவில்லை. கிளப் போட்டிகளும் அந்த மாநிலச் சண்டையும் தேதி பிசகாமல் நடந்தன. டோங்கா மாதிரி நாடுகளின் ஆட்டத்தை அப்புறம் பார்க்கலாம் என்று போட்டி நடத்துபவர்கள் விட்டுவிட்டார்கள். அவள் எனக்கு எதிரே விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதறவில்லை.

"ஒரு தோளையே கொடுத்தான் லூபே. அவங்களால ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியலையா?"

பின்னால் விரிப்புகள் குவிந்துகொண்டிருந்தன.

ஃபிலிமோனே வட இங்கிலாந்தில் ஒரு சிறிய கிளப்புக்குப் போனான். இரண்டாயிரம் பேர் பார்க்கும் மைதானம். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் முன்பு ஒரு கடல் இருந்தது; இப்போது பாதி உலகம். அவன் குறை சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் நல்லவர்கள், தேநீரை நம்மைவிட மோசமாகப் போடுகிறார்கள் என்றான். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான்.

மூன்று வருஷம் கழித்து டோங்கா அணி இங்கிலாந்துக்கே போனது. பட்டியல் வந்தபோது அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். அவன் பெயர் இல்லை. இருக்காது என்று செமிசி முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கு அவர், "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை.

ஆட்டம் அவர்களுக்குச் சனிக்கிழமை இரவு. எங்களுக்கு ஞாயிறு காலை. தேவாலயத்துக்குக் கூட்டிப்போக நான் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அக்கா வெள்ளை உடுப்புக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு லூ பொதிந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பால். அப்போது ஃபோன் அடித்தது. செமிசி எடுத்து அவள் காதருகே பிடித்தார்.

"அம்மா, கோல் கம்பத்துக்குப் பின்னால நிக்கிறேன். நம்ம ஆளுங்க இங்க அறுபது பேர் இருக்கோம். கேக்குதா?"

கேட்டது. ஞாயிறுதோறும் நாங்கள் பாடும் அதே கீர்த்தனை, காற்றில் உடைந்து உடைந்து. அவன் குரல் தனியாகத் தெரிகிறதா என்று அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

"தோள் எப்படி இருக்கு?" என்றாள்.

"குளிர் வந்தா வலிக்கும்மா. இங்க எப்பவும் குளிர்தான்." சிரித்தான். "என்னடா இவ்வளவு தூரம் வந்து ஜனத்தோட ஜனமா நிக்கிறானேன்னு நினைக்காத. நான் ஆடியிருக்கேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

"பாடுறத விட்டுட்டு என்கிட்ட என்ன பேச்சு. பாடு."

ஃபோனை வைக்கச் சொல்லவில்லை அவள். பாட்டு முடிந்து ஆட்டம் தொடங்கியும் செமிசி கையை இறக்கவில்லை. அக்கா அடுத்த இலையை விரித்து, இறைச்சியை வைத்து, பாலை ஊற்றி மடித்தாள். தேவாலயத்துக்கு நாங்கள் தாமதமாகத்தான் போனோம்.